‘புரியாது’ என்றொரு தீர்ப்பு: யுலிஸிஸும் அதன் வாசகர்களும்

ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’ பற்றி நம் இலக்கிய வட்டங்களில் இரண்டே அபிப்பிராயங்கள்தான் உலவுகின்றன. ஒன்று, அது இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் நாவல். மற்றொன்று, அது புரியாது. வேடிக்கை என்னவென்றால் இரண்டையும் சொல்பவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான், ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். ‘படிச்சீங்களா?’ என்று அடுத்த கேள்வி போட்டால் பேச்சு டீக்கடைப் பக்கம் திரும்பிவிடும். முதல் அபிப்பிராயத்தைப் பற்றி எனக்கு இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதுதான் உறுத்துகிறது. புரியாமை என்பது பிரதியின் குணமா? இல்லை, யாரோ எப்போதோ ஏதோ ஒரு தேவைக்காக அந்தப் பிரதியின்மேல் குத்திய முத்திரையா? தேடிப்போனால் அந்த முத்திரைக்கு ஒரு சரித்திரம் கிடைக்கிறது. தேதியோடு, வக்கீல் பெயரோடு, அபராதத் தொகையோடு கிடைக்கிறது.

கதை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 1904 ஜூன் 16, ஒரே நாள், டப்ளின் நகரம். பத்திரிகைக்கு விளம்பரம் பிடித்துத் தரும் லியோபோல்ட் புளூம், பள்ளி வாத்தியார் வேலை பார்க்கும் இளைஞன் ஸ்டீபன் டெடலஸ், புளூமின் மனைவியும் பாடகியுமான மாலி. பதினெட்டு அத்தியாயங்கள். ஜாய்ஸ் இதை 1914இலிருந்து 1921 வரை ட்ரியஸ்த், ஜூரிச், பாரிஸ் என்று ஊர் ஊராகப் போய் எழுதினார். நாவல் நடப்பது பிரிட்டிஷ் காலனியாக இருந்த டப்ளினில். எழுதப்பட்டதோ உலகப்போர், 1916 ஈஸ்டர் எழுச்சி, விடுதலைப்போர் எல்லாம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில். இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

நாவல் முதலில் வந்தது ஒரு சிறுபத்திரிகையில். மார்கரெட் ஆண்டர்சன், ஜேன் ஹீப் என்ற இரண்டு பெண்கள் நியூயார்க்கிலிருந்து நடத்திய ‘லிட்டில் ரெவ்யூ’ 1918 மார்ச்சில் தொடரைத் தொடங்கியது. பணம் கிடையாது, சந்தாதாரர்கள் சொற்பம், அச்சகத்தோடு ஓயாத தகராறு. நம்மில் பலருக்குப் பரிச்சயமான பிழைப்புதான். இதழ்களை அமெரிக்கத் தபால் இலாகா பிடித்துவைத்தது. ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. ஆனால் வழக்கு என்று வந்தது 1920 ஜூலை–ஆகஸ்ட் இதழுக்குத்தான். கடற்கரையில் உட்கார்ந்திருக்கும் கெர்ட்டி என்ற இளம்பெண்ணை தூரத்திலிருந்து பார்த்து புளூம் சுயஇன்பம் அனுபவிக்கும் அத்தியாயம் அதில் வந்திருந்தது. இதழ் ஒரு இளம்பெண்ணின் கையில் கிடைத்து, தகப்பனார் புகார் கொடுத்தார். ஒழுக்கக்கேட்டை ஒடுக்கும் நியூயார்க் சங்கத்தின் செயலாளர் ஜான் சம்னர் வழக்கை எடுத்துக்கொண்டார்.

பத்திரிகைக்காக வாதாடிய ஜான் க்வின் சாதாரண வக்கீல் அல்ல. நவீன ஓவியங்களைச் சேகரித்தவர். யுலிஸிஸ் கையெழுத்துப் பிரதியையே ஜாய்ஸிடமிருந்து தவணை தவணையாக விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தவர். அவர் நீதிமன்றத்தில் வைத்த வாதம்தான் என்னுடைய கட்டுரையின் மையம். கருத்துச் சுதந்திரம் என்று அவர் பேசவில்லை. உடல் என்பது அசிங்கமில்லை என்றும் பேசவில்லை. இது க்யூபிச ஓவியம் மாதிரி, சாதாரண ஆளுக்கு விளங்கவே விளங்காது என்றார். புரிந்துகொள்ளக்கூடியவர்கள் கெட்டுப்போக மாட்டார்கள், கெட்டுப்போகக்கூடியவர்களுக்குப் புரியாது. ஆகவே யாருக்கும் ஆபத்தில்லை. எவ்வளவு கச்சிதமான தர்க்கம் பாருங்கள்! சமூகத்தை இரண்டாகப் பிளந்து, மேலே இருப்பவனுக்கு ரசனை, கீழே இருப்பவனுக்கு அறியாமை என்று பங்கு பிரித்துக் கொடுத்து, அந்தப் பிளவையே புத்தகத்துக்குப் பாதுகாப்புக் கவசமாக ஆக்கிவிட்டார்.

நீதிபதிகள் மூவரும் மசியவில்லை. 1921 பிப்ரவரியில் ஆளுக்கு 50 டாலர் அபராதம், தொடர் நிறுத்தம், கைரேகைப் பதிவு. விசாரணையில் நடந்த ஒரு காட்சியை ஆண்டர்சன் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆட்சேபகரமான பகுதிகளை உரக்கப் படிக்கத் தொடங்கியதும் வயதான ஒரு நீதிபதி, இந்த அம்மாவை வைத்துக்கொண்டா படிப்பது என்று தடுத்தாராம். ஐயா, இவர்தான் அதை வெளியிட்டவரே என்றார் க்வின். வெளியிட்டிருக்கலாம், என்ன வெளியிடுகிறோம் என்று இவருக்குப் புரிந்திருக்காது என்றாராம் நீதிபதி. பதிப்பித்தவளுக்கே புரியாது என்று ஆகிவிட்டது. புரியாமை முத்திரை முதலில் விழுந்தது ஒரு பெண்ணின் நெற்றியில்.

அன்றைய ஆபாசச் சட்டத்துக்கு அடிப்படை 1868இல் இங்கிலாந்தில் பிறந்த ஹிக்ளின் விதி. ஒரு எழுத்து யார் கையில் போய்ச் சேரக்கூடும், அவர்களில் பலவீனமான மனம் கொண்டவர்களை அது கெடுக்குமா என்பதே அதன் கேள்வி. பலவீனமான மனம் என்றால் யார்? சிறுவர்கள், பெண்கள், வேலைக்காரர்கள் என்று பட்டியல் சொல்லாமலே விளங்கும். இந்த விதி நமக்கும் அந்நியமில்லை. பம்பாயில் லாரன்ஸின் ‘லேடி சாட்டர்லி’ நாவலை விற்ற புத்தகக் கடைக்காரர் வழக்கில் 1964இல் நம் உச்சநீதிமன்றம் இதே ஹிக்ளினைத் தூக்கிப் பிடித்தது. அந்த அளவுகோலை அது கைவிட 2014 வரை ஆனது.

சட்டம் எழுத்தாளனை மட்டும் பிடிக்கவில்லை. இங்கிலாந்தில் ஆபாசப் புத்தகத்துக்கு அச்சகத்தாரும் பொறுப்பு. அதனால் அங்கே முதல் வாசகரும் முதல் தணிக்கையாளரும் அச்சகக்காரர்தான். ஹாரியட் ஷா வீவர் எத்தனையோ அச்சகங்களின் வாசலில் நின்றும் வேலை நடக்கவில்லை. கடைசியில் பாரிஸில் ‘ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி’ என்ற புத்தகக் கடை வைத்திருந்த சில்வியா பீச் பொறுப்பேற்றார். விபசார விடுதி அத்தியாயத்தை டைப் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் கணவர் (பிரிட்டிஷ் தூதரகத்தில் வேலை!) கையெழுத்துப் பக்கங்களைப் பார்த்துவிட்டு ஒரு பகுதியை நெருப்பில் போட்டார். அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது.

அச்சானது திஜோன் நகரில், தாரந்தியேர் அச்சகத்தில். அங்கே அச்சுக்கோர்த்த தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தெரியாது. எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கோர்த்தார்கள். ஜாய்ஸோ புரூஃப் ஒவ்வொன்றிலும் ஓரமெல்லாம் எழுதி நிரப்பினார். நாவலின் மூன்றில் ஒரு பங்கு புரூஃபில் சேர்ந்ததுதான் என்கிறார்கள். கோர்த்ததைக் கலைத்துத் திரும்பக் கோர்ப்பது என்றால் என்னவென்று ஈயம் தொட்டவர்களுக்குத் தெரியும். பிழைகள் மலிந்தன. 1984இல் காப்ளர் தலைமையில் ஜெர்மன் அறிஞர் குழு ஐயாயிரம் திருத்தங்களோடு ஒரு பதிப்பைக் கொண்டுவந்தது, அதுவே தப்பு என்று ஜான் கிட் 1988இல் சண்டைக்கு நின்றார். அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். ஒரு மொழியே தெரியாதவர்கள் விரலால் படித்து உண்டாக்கிய புத்தகம் இது என்பது மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது.

1922 பிப்ரவரி 2, ஜாய்ஸின் நாற்பதாவது பிறந்தநாளில் புத்தகம் வந்தது. ஆயிரம் பிரதிகள். கையொப்பமிட்ட 100 பிரதிகள் 350 பிராங்க், அடுத்த 150 பிரதிகள் 250 பிராங்க், மீதி 750 பிரதிகள் 150 பிராங்க். சந்தா கேட்டு அனுப்பிய கடிதத்துக்கு பெர்னார்ட் ஷா, எந்த ஐரிஷ்காரனும் ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு காசு கொடுப்பான் என்று நினைத்தால் உங்களுக்கு என் நாட்டாரைத் தெரியவில்லை என்று பதில் போட்டார். கூடவே, அருவருப்பாக இருந்தாலும் இதில் இருப்பது உண்மை, டப்ளின் இளைஞர்களைப் பிடித்து உட்காரவைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும் என்றும் எழுதினார். புத்தகம் போய்ச் சேர்ந்தது வேறு கைகளுக்கு. வாங்கி வைத்துப் பின்னால் கூடுதல் விலைக்கு விற்கலாம் என்று கணக்குப் போட்டவர்களும் அதில் உண்டு.

இனி 1933. அமெரிக்காவில் புத்தகத்தை வெளியிட விரும்பிய ராண்டம் ஹவுஸ், தானே ஒரு பிரதியைக் கப்பலில் வரவழைத்தது. வக்கீல் மோரிஸ் எர்ன்ஸ்ட் செய்த ஏற்பாடு. விமர்சகர்களின் புகழுரைகளை அந்தப் பிரதிக்குள்ளேயே ஒட்டிவைத்திருந்தார்கள், அப்போதுதான் அவையும் சாட்சியமாக நீதிமன்றம் ஏறும். துறைமுகத்தில் சுங்க அதிகாரி, எல்லாரும்தான் கொண்டுவர்றாங்க, போங்க என்று விட்டுவிடப் பார்க்க, ‘தயவுசெய்து பறிமுதல் பண்ணுங்க’ என்று இவர்கள் மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. 1933 டிசம்பர் 6இல் நீதிபதி வுல்ஸி, புத்தகம் ஆபாசமல்ல என்று தீர்ப்பளித்தார்.

இந்தத் தீர்ப்பை நம் முற்போக்காளர்கள் உட்பட எல்லாரும் சுதந்திரத்தின் வெற்றியாகக் கொண்டாடுகிறோம். வெற்றிதான், மறுக்கவில்லை. ஹிக்ளினின் ‘பலவீனமான மன’த்தை ஒதுக்கிவிட்டு சராசரி மனிதனை அளவுகோலாக்கினார் வுல்ஸி. ஆனால் அந்தச் சராசரி மனிதன் யார் என்று பாருங்கள். இலக்கியத்திலும் வாழ்க்கையிலும் யாருடைய கருத்தைத் தான் மதிக்கிறாரோ அப்படிப்பட்ட இரண்டு நண்பர்களைத் தனித்தனியாகக் கேட்டாராம், இருவரும் காமம் கிளறவில்லை என்றார்களாம். நியூயார்க் நீதிபதியின் சிநேகிதர்கள் சராசரியாகிவிட்டார்கள். புத்தகம் சில இடங்களில் குமட்டலாம், காமத்தைத் தூண்டாது என்பது அவர் முடிவு. கூடவே, இது எளிதில் படிக்கவோ புரிந்துகொள்ளவோ கூடியதல்ல, இதைப்பற்றி வந்திருக்கும் மற்றப் புத்தகங்களையும் படிப்பது நல்லது என்ற அறிவுரை வேறு. 1921இல் தோற்றுப்போன க்வின் வாதத்தின் சாயல் பன்னிரண்டு வருஷம் கழித்து ஜெயித்த தீர்ப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. 1934 ஜனவரியில் வந்த ராண்டம் ஹவுஸ் பதிப்பு அந்தத் தீர்ப்பை நாவலுக்கு முன்னால் அச்சிட்டது. ஆக, அமெரிக்க வாசகன் நாவலின் முதல் வரியை எட்டுவதற்கு முன்பே, இது உனக்குக் கஷ்டம் என்று நீதிபதி சொல்லிவிடுகிறார். (அந்தப் பதிப்பை ஒரு திருட்டுப் பதிப்பைப் பார்த்துக் கோர்த்துவிட்டார்கள் என்பது இன்னொரு கூத்து.)

துணைநூல்களும் தயாராகவே இருந்தன. எலியட் 1923இலேயே, நவீன உலகத்தின் குழப்பத்துக்கு ஹோமரின் புராணம் ஒழுங்கு கொடுக்கிறது என்று எழுதி, டப்ளினை டப்ளினாக இல்லாமல் பண்ணிவிட்டார். 1930இல் ஸ்டூவர்ட் கில்பெர்ட்டின் விளக்க நூல் வந்தது. அத்தியாயத்துக்கு ஒரு உடலுறுப்பு, ஒரு நிறம், ஒரு கலை, ஒரு ஹோமர் சம்பவம் என்று ஜாய்ஸே கொடுத்த அட்டவணையை வைத்து எழுதியது. மூலம் தடைசெய்யப்பட்டிருந்த நாடுகளில் அதன் நீண்ட பகுதிகள் இந்த விளக்க நூல் வழியாகவே வெளிச்சத்துக்கு வந்தன. உரை மூலத்தைக் கடத்திக்கொண்டு வந்தது என்று சொல்லலாம். நல்ல காரியம்தான். ஆனால் கில்பெர்ட் யார்? பர்மாவில் பிரிட்டிஷ் அரசின் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர். காலனி ஒன்றின் நாவலுக்கு முதல் பெரிய சாவியைச் செய்து கொடுத்தவர் இன்னொரு காலனியில் தீர்ப்பு எழுதியவர். அவருடைய சாவியில் கிரேக்கம் இருக்கிறது, சம்ஸ்கிருதச் சொற்கள்கூட இருக்கின்றன. அயர்லாந்தின் அரசியல்தான் மங்கிக் கிடக்கிறது.

இடதுசாரிகள் பக்கம் என்ன நடந்தது? 1934 ஆகஸ்டில் மாஸ்கோ எழுத்தாளர் மாநாட்டில் கார்ல் ராதெக், புழு நெளியும் சாணக்குவியலை நுண்ணோக்கி வைத்துப் படம் பிடித்தது என்று ஜாய்ஸைச் சாடினார். சோவியத் பத்திரிகை ஒன்றில் 1935இல் தொடங்கிய மொழிபெயர்ப்புத் தொடர் பாதியில் நின்றது. முழு நாவலையும் ரஷ்ய வாசகர்கள் பார்த்தது 1989இல். க்வின் சொன்னதற்கும் ராதெக் சொன்னதற்கும் அடியில் ஓடுவது ஒன்றேதான். உழைப்பவனுக்கும் இந்தப் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை. ஒருவர் அதைப் பெருமையாகச் சொன்னார், மற்றவர் குற்றச்சாட்டாகச் சொன்னார். நம் சிறுபத்திரிகைகளில் ஓடிய ‘புரியவில்லை’ விவாதங்களிலும் இரண்டு தரப்பும் இந்த ஒரே பாயில் படுத்திருந்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

சரி, புத்தகத்துக்குள் போவோம். நான் தமிழ் எம்.ஏ.காரன். உரை இல்லாமல் மூலத்தைத் தொடாதே என்று வகுப்பில் பழக்கப்பட்டவன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய பெங்குயின் பதிப்பை எந்த உரையும் இல்லாமல்தான் தொட்டேன், நாலு பேர் சேர்ந்து, வாய்விட்டு. ஒருத்தர் படிக்க மற்றவர்கள் கேட்பது. முதல் மூன்று அத்தியாயங்களை விட்டுவிட்டு நான்காவதில் ஆரம்பித்தோம். ஸ்டீபனின் தலைக்குள் ஓடும் தத்துவம் முதலில் வந்து வழி மறிக்கிறது, அதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். நான்காவதில் புளூம் பூனைக்குப் பால் ஊற்றுகிறார், பன்றிச் சிறுநீரகம் வாங்கிவந்து வறுக்கிறார் (யூதத் தகப்பனுக்குப் பிறந்தவர்), படுக்கையில் இருக்கும் மனைவிக்கு டீ கொண்டுபோகிறார். அடுப்பில் கறி தீய்கிறது. இதில் புரியாத கிரேக்கம் எங்கே இருக்கிறது?

இருக்கிறது, ஒரே ஒரு சொல். மாலி தான் படிக்கும் மலிவு நாவலில் ஒரு பெரிய சொல்லைக் குறித்துவைத்து அர்த்தம் கேட்கிறாள். மெட்டம்சைக்கோசிஸ். கிரேக்கத்திலிருந்து வந்தது என்று புளூம் இழுக்கிறார். அதெல்லாம் வேண்டாம், வெறும் பேச்சில் சொல்லு என்கிறாள் அவள். நம் பாட்டிகள் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லும் மறுஜென்மம்தான் அது! அப்புறம் புளூம் கக்கூசுக்குப் போகிறார். கையில் வாரப் பத்திரிகை. பரிசுக்கதையை ஆற அமரப் படித்து, எழுதியவனுக்கு எவ்வளவு காசு கிடைத்திருக்கும் என்று பொறாமைப்பட்டு, கடைசியில் அந்தத் தாளையே கிழித்துத் துடைத்துக்கொள்கிறார். இலக்கியத்தின் புனிதத்தை இதற்குமேல் யாரும் கட்டுடைக்க முடியாது. கெர்ட்டி பெண்கள் பத்திரிகைத் தொடர்கதைகளில் ஊறியவள், கடற்கரை அத்தியாயத்தின் நடையே பாதி அந்தத் தொடர்கதை நடைதான். கவனித்துப் பார்த்தால் இந்த நாவல் முழுக்க ‘தகுதியில்லாத’ வாசகர்கள் நிறைந்திருக்கிறார்கள். சட்டம் யாருக்குப் பயந்து தடைசெய்ததோ, வக்கீல் யாருக்குப் புரியாது என்று சத்தியம் செய்தாரோ, அவர்கள்.

உண்மையான கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. பன்னிரண்டாம் அத்தியாயம், பார்னி கீர்னனின் மதுக்கடை. வாய்விட்டுப் படிக்க இதைப்போல் சுகம் கிடையாது. கதை சொல்பவன் பெயரில்லாத ஒரு கடன் வசூலிப்பவன், முழுக்க முழுக்கப் பேச்சுமொழி, வாயைத் திறந்தால் வசவு. அங்கே ‘குடிமகன்’ என்று அழைக்கப்படும் ஒரு முரட்டு தேசியவாதி உட்கார்ந்திருக்கிறான். பஞ்சத்தில் செத்தவர்கள், கப்பலேறியவர்கள், அழிக்கப்பட்ட தொழில்கள், பிரிட்டிஷ் கடற்படையின் சவுக்கடி என்று காலனியத்தின் கொடுமைகளை அடுக்குகிறான். அதே வாயால் யூதனை வெளியே போகச் சொல்கிறான். எது உன் தேசம் என்று புளூமைக் கேட்கிறார்கள். இங்கேதான் பிறந்தேன், அயர்லாந்து என்கிறார். தேசம் என்றால் ஒரே இடத்தில் வாழும் ஒரே மக்கள் என்று விளக்கப் போய், வேறு வேறு இடத்திலும் வாழலாம் என்று சேர்க்கிறார். சிரிக்கிறார்கள். 1904 ஜனவரியில் லிமெரிக் நகரத்தில் பாதிரியார் ஒருவரின் பிரசங்கத்தால் யூதக் கடைகள் பகிஷ்கரிக்கப்பட்டன என்பதையும், அது நாவலின் ஜூன் 16க்கு ஐந்து மாதம் முந்தியது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வெகுகாலம் அமெரிக்கப் பேராசிரியர்கள் இதை உலகக் குடிமகனான புளூமுக்கும் குறுகிய தேசிய வெறியனுக்கும் நடக்கும் மோதல் என்று சுலபமாக முடித்துவந்தார்கள். 1990களில்தான் எண்டா டஃபி, எமர் நோலன் போன்றவர்கள் அதைக் கலைத்தார்கள். ‘குடிமகன்’ சொல்லும் கொடுமைகளில் பல நடந்தவை. 1907இல் ட்ரியஸ்த் நகரத்தில் இத்தாலிய மொழியில் பேசிய சொற்பொழிவில் ஜாய்ஸே ஏறக்குறைய இவற்றைத்தான் சொன்னார். தனக்கே உடன்பாடான சரித்திரத்தை ஒரு இனவெறியனின் வாயில் வைக்கிறார். ஒடுக்கப்பட்டவனின் நியாயமும் அவன் இன்னொருத்தனை ஒடுக்குவதும் ஒரே நாக்கில் வருகின்றன. எந்த அகராதியும் இந்த முடிச்சை அவிழ்க்க உதவாது. எங்கள் நாலு பேருக்குள்ளும் அன்றைக்குப் பேச்சு முற்றிவிட்டது. அது அயர்லாந்தைப் பற்றி மட்டுமான பேச்சாக இருக்கவில்லை.

அத்தியாய முடிவில் குடிமகன் ஜேக்கப் பிஸ்கட் டப்பாவைத் தூக்கி புளூமின்மேல் எறிகிறான். உடனே நடை மாறி, பூகம்பம் வந்து நீதிமன்ற வட்டாரமே தரைமட்டமானதாக ஒரு பத்திரிகைச் செய்தி. கேலிதான். ஆனால் ஜேக்கப் பிஸ்கட் ஆலை 1916 எழுச்சியில் போராளிகள் கைப்பற்றி வைத்திருந்த கட்டடங்களில் ஒன்று. ஜாய்ஸ் இந்த அத்தியாயத்தை எழுதியது 1919இல். நாவல் வெளிவந்த ஐந்தாவது மாதம், 1922 ஜூன் 28இல், உள்நாட்டுப் போர் தொடங்கி, அந்த மதுக்கடைக்குக் கொஞ்ச தூரத்தில் இருந்த ‘ஃபோர் கோர்ட்ஸ்’ நீதிமன்றக் கட்டடம் நிஜமாகவே பீரங்கிக் குண்டுக்கு இலக்கானது.

சுதந்திர அயர்லாந்து புத்தகத்தை என்ன செய்தது? 1929இல் தணிக்கைச் சட்டம் கொண்டுவந்தும் யுலிஸிஸை ஒருபோதும் முறைப்படித் தடைசெய்யவில்லை. தேவைப்படவில்லை, கடைகளில் கிடைத்தால்தானே. 1967இல் வந்த திரைப்படத்துக்கு மட்டும் 2000 வரை தடை இருந்தது. 1954 ஜூன் 16இல், ஐம்பது வருஷம் கழித்து, பாட்ரிக் கவனா, ஃப்ளான் ஓ பிரையன் முதலிய ஒரு சிறு கூட்டம் குதிரை வண்டி அமர்த்தி நாவலின் பாதையில் கிளம்பி, பாதி வழியில் ஒரு மதுக்கடையில் தங்கிவிட்டது. இன்று அதே நாளை டப்ளின் சுற்றுலாவாகக் கொண்டாடுகிறது. ஐரோப்பாவில் 1991 முடிவில் முடிந்திருந்த காப்புரிமை 1995இல் சட்டம் மாறி மறுபடி உயிர்பெற்று, 2011 முடிவு வரை வாரிசுகளிடம் இருந்தது. 2004 நூற்றாண்டில் தேசிய நூலகம் கையெழுத்துப் படிகளைக் காட்சிக்கு வைப்பதற்கே அயர்லாந்து அவசரமாக ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. அபராதம், சுங்கம், விலை, உரை, காப்புரிமை என்று வாசலில் நிற்பவர்கள்தான் மாறிக்கொண்டிருந்தார்கள்.

படிக்கப் போகிறவர்களுக்கு: நான்கு, ஆறு, பன்னிரண்டு என்று போங்கள். பதினான்காவதை, ஆங்கில உரைநடைச் சரித்திரம் முழுவதையும் பகடி செய்யும் ஆஸ்பத்திரி அத்தியாயத்தை, முதல் தடவை தாண்டிவிடலாம், குடி முழுகாது. கடைசி அத்தியாயம் நிறுத்தக்குறி இல்லாமல் எட்டே வாக்கியங்கள், மாலி படுக்கையில் நினைத்துக்கொண்டிருப்பது. தனியாகப் படித்தால் திணறும், வாய்விட்டுப் படித்தால் மூச்சே எங்கே நிறுத்துவது என்று சொல்லிக்கொடுத்துவிடும். அடுத்து பத்தாவது. பத்தொன்பது துண்டுகளாக நகரத்தைக் காட்டும் அந்த அத்தியாயத்தில் வைஸ்ராயின் ஊர்வலம் போகிறது, தெருவில் பலர் தொப்பி எடுத்து வணங்குகிறார்கள். அதே தெருக்களில் ஸ்டீபனின் தங்கை டில்லி. வீட்டில் சாப்பாடு இல்லை. தகப்பனிடம் மல்லாடி ஒரு ஷில்லிங் வாங்குகிறாள். பால், பன் ஏதாவது சாப்பிடு என்று கூட இரண்டு பென்னி கிடைக்கிறது. அதில் ஒரு பென்னிக்குத் தள்ளுவண்டியில் ஒரு பழைய பிரெஞ்சுப் பாடப்புத்தகம் வாங்குகிறாள். அங்கே நிற்கும் ஸ்டீபன் பார்த்துவிடுகிறான். எதற்கு என்று கேட்கிறான், பிரெஞ்சு கற்றுக்கொள்ளவா? அவள் முகம் சிவந்து தலையசைக்கிறாள். மேகி இதையும் அடகு வைத்துவிடாமல் பார்த்துக்கொள் என்கிறான். என் புத்தகமெல்லாம் போயிருக்கும், இல்லையா? சிலது போச்சு என்கிறாள் டில்லி, வேற வழியில்ல.